டெஸ்டில் 537 விக்கெட்... ஒருநாள் போட்டியில் ஒருமுறைகூட 5 விக்கெட் இல்லை! ஸ்பின்னரின் பலம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவது ஏன்?

2024 அக்டோபர் 24. புனே டெஸ்டின் முதல் நாள். நியூசிலாந்து 259 ரன்னுக்கு ஆல் அவுட். விழுந்த 10 விக்கெட்டையும் எடுத்தது இரண்டே பேர். முதல் 3 விக்கெட் ரவிச்சந்திரன் அஸ்வினுக்கு, அடுத்த 7 விக்கெட் வாஷிங்டன் சுந்தருக்கு. இருவருமே ஆஃப் ஸ்பின்னர்கள். இருவருமே சென்னைக்காரர்கள்.

வாஷிங்டன் அதற்கு முன் டெஸ்ட் ஆடியது 2021 மார்ச்சில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் ரசிகர்களுக்கு அவரைத் தெரிந்தது டி20 பவர்பிளேயில் ரன்னைக் கட்டிப்போடும் பவுலராகத்தான். அந்த இன்னிங்ஸில் அவர் எடுத்த 7 விக்கெட்டில் 5 பேர் போல்டு!

ஆனால் அந்த மேட்சின் ஹீரோ அவரும் இல்லை. நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட் எடுத்து இந்தியாவைத் தோற்கடித்தார். அதுவரை டெஸ்டில் ஒரு 5 விக்கெட்டுகூட இல்லாதவர் அவர். 'வெள்ளைப் பந்து ஸ்பெஷலிஸ்ட்' என்றே பேர் வாங்கியிருந்தவர்.

டி20-யில் சிக்கனமாக வீசுபவர் டெஸ்டில் விக்கெட்டை அள்ளுகிறார். டெஸ்டில் அள்ளுபவர் ஒருநாள் போட்டியில் அடி வாங்குகிறார். பவுலர் அதே ஆள், கையும் அதே கைதான். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே அஸ்வின், மூன்று கணக்கு

இதைப் புரிந்துகொள்ள அஸ்வினைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். மூன்று வகை ஆட்டத்திலும் அவரது கணக்கு இதோ:

• டெஸ்ட்: 106 ஆட்டம், 537 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் 24. ஓவருக்கு 2.83 ரன். 37 முறை இன்னிங்ஸில் 5 விக்கெட்.

• ஒருநாள்: 116 ஆட்டம், 156 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 33 ரன். ஓவருக்கு 4.93 ரன். 5 விக்கெட் ஒருமுறைகூட இல்லை.

• சர்வதேச டி20: 65 ஆட்டம், 72 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 23 ரன். ஓவருக்கு 6.90 ரன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரு விக்கெட் எடுக்க அஸ்வினுக்கு டெஸ்டில் சராசரியாக 50 பந்து தேவைப்பட்டது. ஒருநாளில் 40 பந்து. டி20-யில் வெறும் 20 பந்து! அப்படியானால் அவர் டி20-யில்தான் பெரிய பவுலரா?

இல்லை. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

காரணம் 1: விக்கெட்டின் விலை மாறுகிறது

ஒரு டி20 இன்னிங்ஸில் 120 பந்து, 10 விக்கெட். அதாவது ஒரு விக்கெட்டுக்கு 12 பந்துதான் பங்கு. ஒருநாள் போட்டியில் 300 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து. டெஸ்டில் இந்தக் கணக்கே கிடையாது. ஐந்து நாள் இருக்கிறது. அவுட் ஆகாத வரை ஆடலாம்.

இதனால் பேட்டரின் மனநிலை தலைகீழாக மாறுகிறது. டி20-யில் ஒரு பந்து வீணாவது விக்கெட் போவதைவிடப் பெரிய நஷ்டமாகக்கூட இருக்கும். "போனா போகுது, அடிச்சுப் பார்ப்போம்" என்று இறங்கி வருவார். பவுலர் பெரிதாக ஏமாற்றத் தேவையில்லை. இரண்டு பந்தை டாட் ஆக்கினால் போதும், மூன்றாவது பந்தில் பேட்டரே ரிஸ்க் எடுப்பார். லாங் ஆனில் கேட்ச்.

டெஸ்டில் அதே பேட்டர் அவசரப்பட மாட்டார். நல்ல பந்தைத் தடுப்பார், மோசமான பந்துக்குக் காத்திருப்பார். அவராகத் தவறு செய்ய மாட்டார், தவறு செய்ய வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஓவர் போதாது. நான்கைந்து ஓவர் ஒரே இடத்தில் வீசி, ஃபீல்டரை நகர்த்தி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, வலை பின்ன வேண்டும்.

அஸ்வின் ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 43 ஓவர் வீசியிருக்கிறார். டி20-யில் அதிகபட்சமே 4 ஓவர். வலை பின்ன ஆரம்பிக்கும்போதே ஓவர் தீர்ந்துவிடும்.

ஆக, டி20-யில் விழும் விக்கெட்டில் பாதி, ஆட்டத்தின் அவசரம் கொடுத்தது. டெஸ்டில் விழும் விக்கெட்டில் பெரும்பங்கு பவுலர் உழைத்து வாங்கியது. இரண்டும் ஸ்கோர்போர்டில் ஒன்றாகத்தான் தெரியும். உள்ளே இருப்பது வேறு வேறு வேலை.

2017: ஒரே ஆண்டில் இரண்டு அஸ்வின்

2017 ஜூன் 18. லண்டன் ஓவல் மைதானம், சாம்பியன்ஸ் டிராபி இறுதிப்போட்டி. பாகிஸ்தான் 338 ரன் குவித்தது. அஸ்வின் 10 ஓவரில் 70 ரன் கொடுத்தார். ஜடேஜா 8 ஓவரில் 67 ரன். இருவருக்கும் விக்கெட் பூஜ்ஜியம். இந்தியா 180 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

அடுத்து வந்த வெஸ்ட் இண்டீஸ் தொடரோடு அஸ்வினின் ஒருநாள் பயணம் நின்றுபோனது. விரலால் சுழற்றுபவர்கள் போதும், மணிக்கட்டால் சுழற்றுபவர்கள் வேண்டும் என்று குல்தீப் யாதவ், சஹால் ஜோடிக்கு அணி மாறியது. அஸ்வின் மீண்டும் ஒருநாள் போட்டி ஆட 2022 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 2017, நவம்பர். நாக்பூரில் இலங்கைக்கு எதிரான டெஸ்டில் அஸ்வின் 300 விக்கெட்டைத் தொட்டார். 54-வது டெஸ்ட். உலகிலேயே அதிவேகமாக அந்த எண்ணிக்கையை எட்டியவர் அவர்தான்.

ஒரு வடிவத்தில் 'இனி வேண்டாம்', இன்னொரு வடிவத்தில் 'இவரைப்போல யாரும் இல்லை'. நடுவில் இருந்த இடைவெளி ஐந்தே மாதம்! திறமை ஐந்து மாதத்தில் போய்த் திரும்பி வரவில்லை. அவரைச் சுற்றியிருந்த ஆட்டம்தான் வேறு.

காரணம் 2: சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும்

இந்தியாவில் டெஸ்டுக்குப் பயன்படுவது எஸ்ஜி சிவப்புப் பந்து. கையால் தைத்தது. தையல் நன்றாகத் தூக்கி நிற்கும். ஸ்பின்னரின் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், தையல் தரையில் பட்டால் பந்து கடித்துத் திரும்பும். டெஸ்டில் 80 ஓவர் வரை அதே பந்துதான். தேயத் தேய ஸ்பின்னருக்குக் கொண்டாட்டம்.

வெள்ளைப் பந்தின் கதை வேறு. கூக்கபுரா வெள்ளைப் பந்தின் தையல் சீக்கிரமே அமுங்கிவிடும். அதோடு, 2011 அக்டோபரிலிருந்து ஒருநாள் போட்டியில் இரண்டு முனைக்கும் தனித்தனியாகப் புதுப்பந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 50 ஓவர் முடிந்தாலும் ஒரு பந்தின் வயசு 25 ஓவர்தான். பந்து பழசாகி, மெதுவாகி, பிடித்துத் திரும்பும் நேரம் வருவதற்குள் இன்னிங்ஸே முடிந்துவிடும். அஸ்வினின் ஒருநாள் பயணத்தில் பெரும்பகுதி இந்த விதியின் கீழ்தான் கழிந்தது.

இந்த விதி ஸ்பின்னரையும், பழைய பந்தில் ரிவர்ஸ் ஸ்விங் செய்பவரையும் பாதிக்கிறது என்ற புகார் நீண்ட நாள் இருந்தது. 2025 ஜூலையில் ஐசிசி விதியை மாற்றியது. முதல் 34 ஓவர் வரை இரண்டு பந்து. 35-வது ஓவரிலிருந்து அதில் ஏதாவது ஒரு பந்தை மட்டும் வைத்து ஆட வேண்டும். சின்ன மாற்றம்தான், ஆனால் பவுலர் பக்கம் சாய்ந்த மாற்றம்.

இரவு ஆட்டங்களில் பனி வேறு. அவுட்ஃபீல்டு ஈரமாகி, பந்து சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் வீசும் ஸ்பின்னர் கையில் துண்டோடு நிற்பதை ஐபிஎல்லில் அடிக்கடி பார்க்கலாம்.

காரணம் 3: ஆடுகளத்துக்கு வயசாகிறது

டெஸ்டில் பிட்ச்சும் ஒரு வீரர் மாதிரி. முதல் நாள் இருந்தது போல் நான்காம் நாள் இருக்காது. வெயிலில் காய்ந்து விரிசல் விழும். வேகப்பந்து வீச்சாளர்கள் ஓடி வந்து கால் ஊன்றிய இடங்கள் பெயர்ந்து கரடுமுரடாகும். அந்த இடத்தில் பந்து விழுந்தால் எப்படித் திரும்பும், எவ்வளவு எழும்பும் என்று பேட்டருக்கே தெரியாது.

இடதுகை பேட்டர்களுக்கு அஸ்வின் சிம்மசொப்பனமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். வலதுகை ஆஃப் ஸ்பின்னர் வீசும் பந்து இடதுகை பேட்டரைவிட்டு வெளியே திரும்பும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலடித் தடமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவரது டெஸ்ட் விக்கெட்டுகளில் ஏறத்தாழ பாதி இடதுகை பேட்டர்கள்தான்.

டி20-க்கும் ஒருநாளுக்கும் போடப்படும் பிட்ச் பெரும்பாலும் ரன் வர வேண்டும் என்று தயாராவது. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிடுவதால் அதற்குப் பெரிதாக வயசாகவும் வாய்ப்பில்லை.

காரணம் 4: யார் எங்கே நிற்கிறார்கள்?

டெஸ்டில் ஸ்பின்னர் வீசும்போது திரையைக் கவனித்தால் பேட்டரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஸ்லிப், சில்லி பாயிண்ட், ஷார்ட் லெக், சில நேரம் லெக் ஸ்லிப். பந்து மட்டையின் உள்விளிம்பில் பட்டுக் காலுறையில் தட்டி எழும்பினால் கேட்ச். தடுத்து ஆடுவதே ஆபத்தாகிவிடும்.

டி20-யில் அந்த இடங்கள் காலி. முதல் 6 ஓவரில் வட்டத்துக்கு வெளியே 2 ஃபீல்டர்தான் நிற்கலாம், அதன்பிறகு 5 பேர். ஒருநாளில் முதல் 10 ஓவருக்கு 2 பேர், 11 முதல் 40 வரை 4 பேர், கடைசி 10 ஓவரில் 5 பேர். இருக்கும் ஃபீல்டரை பவுண்டரியைக் காக்க அனுப்பிவிட்டால் ஷார்ட் லெக்குக்கு யாரை நிறுத்துவது? டெஸ்டில் அவுட் ஆகும் அதே உள்விளிம்பு, டி20-யில் ஃபைன் லெக் பக்கம் ஓடி ஒரு ரன்னாகும். பவுலர் பேட்டரை ஏமாற்றியதற்குக் கிடைத்த பரிசு, எகானமியில் ஒரு ரன் கூடுதல்.

லெக் சைடு வைடு விதியும் குறுக்கே வரும். டெஸ்டில் காலடித் தடத்தைக் குறிவைத்து லெக் ஸ்டம்புக்கு வெளியே வீசலாம். வெள்ளைப் பந்தில் அது கொஞ்சம் தவறினாலும் வைடு.

அப்போ ஸ்பின்னர் என்ன செய்கிறார்?

வீசும் முறையையே மாற்றுகிறார்.

டெஸ்டில் பந்தைக் காற்றில் தூக்கிப் போட வேண்டும். நன்றாகச் சுழலும் பந்து காற்றில் கொஞ்சம் விலகிப் போகும், பேட்டர் எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே திடீரென இறங்கும். 'வந்து அடி' என்று அழைக்கும் பந்து அது. நம்பி வந்தால் ஸ்டம்பிங்.

அதே பந்தை டி20-யில் போட்டால் பல நேரம் சிக்ஸர். மட்டை தடிமனாகிவிட்டது, பவுண்டரி பக்கத்தில் வந்துவிட்டது. அதனால் டி20 ஸ்பின்னர் பந்தைத் தட்டையாக, வேகமாக, ஸ்டம்பைக் குறிவைத்து வீசுகிறார். அதிகம் திரும்ப வேண்டியதில்லை. மட்டையின் நடுவில் படாமல் இருந்தால் போதும்.

அஸ்வின் இரண்டையும் கற்றுக்கொண்டவர். 2011 ஐபிஎல் இறுதிப்போட்டியில், சேப்பாக்கத்தில், முதல் ஓவரை வீசியது அவர்தான். அந்த சீசனில் அதிக ரன் குவித்த கிறிஸ் கெயில் அதே ஓவரில் டக் அவுட். விரலால் சுண்டி விடும் கேரம் பாலை அவர் எடுத்துக்கொண்டது சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடிய 'சொடக்கு பந்து'விலிருந்து.

பிரச்சினை, இரண்டு முறைக்கும் நடுவே அடிக்கடி மாறும்போதுதான். இரண்டு மாதம் ஐபிஎல்லில் தட்டையாக வீசிப் பழகிய கையும் உடம்பும், ஜூனில் டெஸ்டுக்குப் போனதும் பழைய தாளத்துக்கு உடனே திரும்பாது.

மர்மம் எவ்வளவு நாள் தாங்கும்?

டி20-யில் இன்னொரு வகை ஸ்பின்னருக்கு மவுசு அதிகம். எந்தப் பக்கம் திரும்பும் என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத 'மர்ம' ஸ்பின்னர்.

வெஸ்ட் இண்டீஸின் சுனில் நரைன் ஐபிஎல்லில் கொல்கத்தாவுக்கு மூன்று கோப்பை வென்று கொடுத்த அணிகளில் ஆடியவர். ஆனால் டெஸ்டில் 6 ஆட்டம், 21 விக்கெட், ஒரு விக்கெட்டுக்கு 40 ரன். அத்தோடு முடிந்தது.

இலங்கையின் அஜந்தா மெண்டிஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 2008-ல் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்ட் தொடரிலேயே 3 ஆட்டத்தில் 26 விக்கெட் எடுத்து உலக சாதனை படைத்தார். சச்சின், டிராவிட், லட்சுமண் எல்லாம் திணறினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆடிய 16 டெஸ்டில் கிடைத்தது 44 விக்கெட்தான்.

காரணம் எளிமையானது. டி20-யில் ஒரு பவுலரிடம் மொத்தமே 24 பந்து. ஒரு பேட்டர் அதில் எட்டோ பத்தோ பார்ப்பார். படிப்பதற்குள் ஓவர் முடிந்துவிடும். டெஸ்டில் அதே பேட்டர் நூறு பந்து பார்க்கலாம். இரவு ஹோட்டலில் வீடியோ பார்க்கலாம். மறுநாள் காலை மறுபடி பார்க்கலாம். மர்மம் உடைந்தபின் மிஞ்சுவது துல்லியம் மட்டும்தான்.

தமிழ்நாட்டின் வருண் சக்கரவர்த்தியையும் இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டத்தில் 9 விக்கெட் எடுத்து இந்தியாவின் கோப்பைக்குக் காரணமானவர்களில் ஒருவர். அப்போது அவர் ஆடியிருந்த முதல்தர ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் 2018-ல்.

விதிவிலக்கே இல்லையா?

இருக்கிறது. முத்தையா முரளிதரன் டெஸ்டில் 800, ஒருநாளில் 534 விக்கெட். இரண்டிலும் சாதனை.

இன்னொருவர் ஆப்கானிஸ்தானின் ரஷித் கான். உலகின் முதன்மை டி20 பவுலராகக் கொண்டாடப்படுபவர். 2021 மார்ச்சில், அபுதாபியில், ஜிம்பாப்வேக்கு எதிராக ஒரே டெஸ்டில் 99.2 ஓவர் வீசி 11 விக்கெட் எடுத்தார். டி20 கணக்கில் அது கிட்டத்தட்ட 25 ஆட்டத்துக்கான ஓவர்!

எதிர் உதாரணமும் உண்டு. டெஸ்டில் 500 விக்கெட்டைத் தாண்டிய ஆஸ்திரேலியாவின் நேதன் லயன் ஆடியது 29 ஒருநாள் ஆட்டம், 2 சர்வதேச டி20. ஐபிஎல்லில் 200 விக்கெட்டைக் கடந்த முதல் பவுலரான சஹால் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை.

ஒரு வடிவத்தில் வென்றவர் மற்றதில் தோற்பார் என்று விதி இல்லை. ஆனால் இரண்டாவது வேலையையும் தனியாகக் கற்க வேண்டும், அதற்கு ஆட்டம் கிடைக்க வேண்டும்.

இதனால் யாருக்கு என்ன பாதிப்பு?

கேள்வி இங்கேதான் சூடாகிறது. பதினெட்டு வயசு ஸ்பின்னர் ஒருவர் இன்று எதைக் கற்றுக்கொள்வார்?

ரஞ்சி டிராபியில் ஆடும் லெவனில் இருக்கும் வீரருக்கு, அனுபவத்தைப் பொறுத்து ஒரு நாளைக்கு 40 ஆயிரம் முதல் 60 ஆயிரம் ரூபாய். 2021-ல் பிசிசிஐ அறிவித்த கணக்கு இது. நான்கு நாள் வெயிலில் வீசினால் அதிகபட்சம் 2 லட்சத்து 40 ஆயிரம். ஐபிஎல்லில் ஏலத் தொகை போக, ஒரு ஆட்டத்துக்கு மட்டும் சம்பளம் ஏழரை லட்சம். அதுவும் நான்கு ஓவருக்கு.

டிஎன்பிஎல்லில் கவனம் ஈர்த்த வருணை 2019 சீசனுக்காகப் பஞ்சாப் அணி 8 கோடியே 40 லட்சத்துக்கு வாங்கியது. இதைப் பார்க்கும் எந்த இளைஞரும், எந்த அப்பா அம்மாவும், பந்தைத் தூக்கிப் போட்டு நாள் முழுக்க வலை பின்னும் கலையைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவது இயல்புதான். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதன் விளைவு பேட்டிங்கிலும் தெரிகிறது என்று சொல்ல இடம் இருக்கிறது. ஸ்பின்னை அடிக்கப் பழகியவர்கள், தடுத்து ஆடப் பழகுவது குறைகிறது. 2024-ல் சொந்த மண்ணில் நியூசிலாந்திடம் 3-0. 2025 நவம்பரில் மறுபடி சொந்த மண்ணில் தென்னாப்பிரிக்காவிடம் 2-0. அந்தத் தொடரில் 17 விக்கெட் எடுத்த சைமன் ஹார்மர் மர்ம ஸ்பின்னர் இல்லை. வழக்கமான ஆஃப் ஸ்பின்னர். இங்கிலாந்து கவுண்டி கிரிக்கெட்டில் ஆண்டுக்கணக்கில் நாள் முழுக்க வீசி வளர்ந்தவர்.

ஒரு காலத்தில் இந்தியா வெளிநாட்டு அணிகளுக்குச் செய்ததை, இப்போது வெளிநாட்டு ஸ்பின்னர்கள் இந்தியாவுக்குச் செய்கிறார்கள்.

அடுத்து மேட்ச் பார்க்கும்போது...

'டெஸ்டில் இவ்வளவு விக்கெட் எடுத்தவரை ஏன் டி20-யில் எடுக்கவில்லை?', 'ஐபிஎல்லில் கலக்குபவரை ஏன் டெஸ்டுக்கு அனுப்பவில்லை?' என்று சமூக வலைத்தளங்களில் சண்டை வராத தொடரே இல்லை. அப்போது மூன்று விஷயத்தைக் கவனித்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

• ஃபீல்டர்கள் எங்கே? பேட்டருக்குப் பக்கத்தில் நின்றால் ஸ்பின்னர் விக்கெட் தேடுகிறார். பவுண்டரியில் நின்றால் ரன்னைத் தடுக்கப் பார்க்கிறார்.

• பந்து பேட்டரின் கண்மட்டத்துக்கு மேலே போகிறதா, கீழேயே வருகிறதா? மேலே போனால் அழைக்கிறார். கீழே வந்தால் அடைக்கிறார்.

• விக்கெட் எப்படி விழுந்தது? பவுண்டரியில் கேட்ச்சா, ஷார்ட் லெக்கிலா?

டி20-யில் 4 ஓவரில் 24 ரன் கொடுத்து விக்கெட் இல்லாமல் போகும் ஸ்பின்னர், அன்றைய மேட்சையே ஜெயித்துக் கொடுத்திருக்கலாம். டெஸ்டில் காலை முழுக்க ஒரு முனையைக் கட்டிப்போட்டு ஒரே விக்கெட் எடுத்தவரும் அப்படித்தான். விக்கெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இருவருமே 'சுமார்' என்றுதான் தெரிவார்கள்.

புனேயில் வாஷிங்டன் எடுத்த அந்த 7 விக்கெட் சொல்வதும் இதைத்தான். பவர்பிளேயில் ஸ்டம்பைக் குறிவைத்துப் பழகிய துல்லியம், திரும்பும் ஆடுகளத்தில் ஐந்து பேரை போல்டாக்கியது. ஆனால் அதைக் காட்ட அவருக்கு ஒரு டெஸ்ட் தேவைப்பட்டது. அதற்கு அவர் மூன்றரை ஆண்டு காத்திருந்தார்.